கடல் மேற்கே இருக்கும் ஊரில்

1

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரிலிருந்து யார் கேட்டாலும், "டீச்சர் வேலைதான்" என்று என் மனைவி சொல்லிவிடுவாள். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். மனைவி ஜெனிட்டா செங்கல்பட்டில் நர்சிங் படித்தவள். பக்கத்து நகரத்து மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது. நானும் மகன் ஜோயலும் அவள் பின்னால் வந்தோம். வருவதற்கு முன் நான் மாமல்லபுரம் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஆசிரியர். சொந்த ஊர் அச்சரப்பாக்கம். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்திலிருந்து வாத்தியார் வேலைக்குப் போன முதல் ஆள். அந்த வேலையை விட்டுவிட்டுக் கிளம்பியபோது என் சித்தப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "கவர்மெண்டு வேலைய எவனாவது வுடுவானா? உனக்கு இன்னா பைத்தியமா பிடிச்சிருக்குது?"

இங்கே ஆசிரியராகப் பதிவு செய்ய மனுப் போட்டேன். மதிப்பெண் பட்டியல் கேட்டார்கள், அனுப்பினேன். நான் படித்த காலத்துப் பாடத்திட்டம் கேட்டார்கள். பயிற்சி நிறுவனத்தில் அதைத் தேடி எடுக்கவே ஒரு மழைக்காலம் ஆயிற்று. எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு பதில் வந்தது: சரி, ஆனால் ஐரிஷ் மொழித் தேர்வில் தேற வேண்டும். இங்கே எல்லோரும் பேசுவது இங்கிலீஷ்தான். ஆனாலும் தொடக்கப்பள்ளியில் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடமும் நடத்துவார், அதில் ஐரிஷும் ஒன்று. நாற்பது வயதுக்கு மேல் அ, ஆவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

அதுவரை பள்ளியில் உதவியாளர் வேலை. உதவி தேவைப்படும் பிள்ளைகளின் பக்கத்தில் உட்காருவேன். கோட்டு ஜிப்பை இழுத்துவிடுவேன். ஷூ நாடா கட்டுவேன். ஒன்பது வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. வகுப்பாசிரியை ஓர்லா என்னைவிட இளையவர், பொறுமைசாலி. முதல் வாரம் சாயங்காலம் கிளம்பும்போது நம்மூர் வழக்கப்படி "போய்விட்டு வருகிறேன்" என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் திரும்பி வருவேன் என்று அவர் விளக்கைக்கூட அணைக்காமல் காத்திருந்திருக்கிறார். மறுநாள் அதைச் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து தினமும் கிளம்பும்போது, "வருவீர்களா, மாட்டீர்களா?" என்று கேட்பார்.

2

போன செப்டம்பரில் எங்கள் வகுப்புக்கு ரித்திகா வந்தாள். அவள் அப்பா முருகன் மாமல்லபுரத்தில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் சமையல் மாஸ்டராக இருந்தவர். இப்போது இந்த ஊரில் ஒரு ஓட்டலில் அதே வேலை. அம்மா அமுதா. இரண்டு பேரும் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே ஒரே குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் வேலை பார்த்த குப்பம் அதுவல்ல, ஆனால் பஸ்ஸில் பக்கம்தான்.

முதல் நாள் பள்ளி வாசலில் நான் தமிழில் பேசியதும் அமுதாவின் முகம் விரிந்தது.

"நம்ம ஊர்க்காரரா சார் நீங்க? அப்பாடா! இனிமே எனக்குக் கவல இல்ல. இவ நல்லாப் படிப்பா சார். வாயிதான் கொஞ்சம் நீளம். வூட்ல பேசிகினே கீறா, ஒரு நிமிசம் சும்மா இருக்கமாட்டா."

அந்த நீள வாயை நாங்கள் பார்க்கவே இல்லை. முதல் சில நாளைக்குப் பிறகு ரித்திகா வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கிலீஷில்தான் பேசவில்லை என்று நினைத்தேன். என்னிடம் தமிழிலும் பேசவில்லை. கேட்டால் தலையை ஆட்டுவாள், இல்லையென்றால் அதுவும் கிடையாது. விளையாட்டு நேரத்தில் சுவரோரம் நின்றுகொண்டு காலணி முனையால் தரையைத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

அக்டோபர் தொடக்கத்தில் தலைமையாசிரியை பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார். அன்று எனக்கு வேறு வகுப்பில் வேலை. முருகனுக்கு இங்கிலீஷ் ஓரளவு வரும் என்பதால் என்னைக் கூப்பிடவில்லை. சாயங்காலம் அமுதா என்னை வாசலில் பிடித்துக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தாள்.

"சார், பெரிய டீச்சரம்மா ரொம்ப நல்லவங்க சார். ரித்திகாவ ஸ்பெஷல் கிளாஸ்ல போடலாமான்னு கேட்டாங்க. போடுங்கன்னு உடனே சொல்லிட்டோம். பஸ்சுகூட அவங்களே வுடுவாங்களாம்!"

நம்மூரில் ஸ்பெஷல் கிளாஸ் என்றால் பரீட்சைக்கு முன் பள்ளி முடிந்து நடத்துகிற கூடுதல் வகுப்பு. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் உண்டு, மந்தமான பிள்ளைக்கும் உண்டு. இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். கற்பதில் பெரிய சிரமம் உள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பு அது. எங்கள் பள்ளியில் இல்லை, வேறு ஊரில்தான் இருக்கிறது. தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி, அங்கே போய்ச் சிரித்த முகத்தோடு திரும்பும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் இவர்கள் எதற்குத் தலையாட்டினோம் என்று தெரியாமலே தலையாட்டியிருக்கிறார்கள்.

மெதுவாகச் சொன்னேன். அமுதா கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

"அப்படின்னா... எம் பொண்ணுக்கு மூள சரியில்லன்னு சொல்றாங்களா சார்?"

"அப்படிச் சொல்லலம்மா. ஏன் பேசலன்னு தெரியாம கவலப்படுறாங்க. முதல்ல ஒரு நிபுணர் வந்து பார்ப்பாங்க. அதுக்கப்புறம்தான் முடிவு."

"பேசாம கீறான்னா பேஜாருதான். ஆனா அவ லூசு இல்ல சார்." சொல்லிவிட்டுச் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. பள்ளி வாசலில் மற்ற அம்மாக்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் தலைமையாசிரியையிடம் போனேன். இது உதவியாளர் பேசக்கூடிய விஷயமா என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அவர்கள் சிரித்துக்கொண்டே சம்மதித்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்" என்றார். அக்டோபர் கடைசியில் வரும் இடைவிடுமுறைக்குப் பிறகு மொழிபெயர்ப்போடு மறுபடி கூட்டம் வைப்பதாகச் சொன்னார். நிபுணர் பார்க்கத்தான் வேண்டும், அதைத் தள்ளிப்போட முடியாது என்றும் சொன்னார். அது நியாயம்தான்.

3

விடுமுறைக்கு முந்தைய வாரம் ஓர்லா பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். புவியியல் பாடத்தில் திசைகள். பள்ளியிலிருந்து கடல் நடக்கிற தூரம். காற்று காதைப் பிய்த்தது. நானும் போனேன். ரித்திகா வரிசையின் கடைசியில் என் பக்கத்தில் நடந்து வந்தாள்.

மணலில் எல்லோரையும் கடலைப் பார்த்து நிற்கவைத்தார் ஓர்லா. "இப்போது, வடக்கு எந்தப் பக்கம்? கையை நீட்டிக் காட்டுங்கள்" என்றார்.

ரித்திகாவின் கைதான் முதலில் எழுந்தது. நான் ஆச்சரியப்பட்டுப் பார்ப்பதற்குள் இடது கையைத் தோள் மட்டத்துக்கு நீட்டிவிட்டாள். நேராக, விறைப்பாக. ஒரு கணம் அவள் முகத்தில் இருந்தது நான் வகுப்பறைகளில் நிறையப் பார்த்த முகம்: விடை தெரிந்த பிள்ளையின் முகம்.

அப்புறம் மற்றப் பிள்ளைகள் கை நீட்டினார்கள். எல்லாம் வலது கை.

ஃபின் என்றொரு பையன், கெட்டவன் இல்லை, துறுதுறுப்பு அதிகம், "அவள் தெற்கைக் காட்டுகிறாள்!" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ரித்திகா தன் கையைப் பார்த்தாள். அவர்கள் கைகளைப் பார்த்தாள். கையை இறக்கினாள். பிறகு கடலைப் பார்த்துக் கத்தினாள். தமிழில்.

"நான் ஒண்ணும் தப்பா சொல்லல! கடலுதான் தப்பான பக்கத்துல கீது!"

காற்றையும் மீறி அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்டது. பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவள் குரலையே அவர்கள் மறந்திருந்தார்கள். ஓர்லா என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அவள் வந்த இடத்தில் கடல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். கிழக்கே என்றேன். "அப்படியானால் அவள் சொன்னது சரிதானே" என்றார்.

நான் மணலில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"எங்க ஊர்ல கடலப் பாத்து நின்னா பீச்சாங்கை பக்கம் வடக்கு சார். பரீட்சைல அதான் எழுதினேன். டீச்சர் ஸ்டார் போட்டாங்க."

"கரெக்டுதான்டா கண்ணு. எங்கிட்ட எழுதியிருந்தாலும் ஸ்டார் போட்டிருப்பேன்."

"இங்க வந்தன்னிக்கு, நீங்க இல்லாதப்போ, சூரியன் எங்க வரும்னு கேட்டாங்க. நான் கடல காட்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. இங்க சூரியன் கடல்ல வுழுது சார். வூட்டு ஜன்னல்ல பாத்தேன். எனக்குப் பயமா இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினாள். "எது சொன்னாலும் தப்பாயிடுது. அதான் எதுவும் சொல்லல."

அவள் பேசாமல் இருந்ததற்கு இது ஒன்றுதான் காரணம் என்று நான் நம்பவில்லை. புது ஊர், புரியாத மொழி, காலை எட்டு மணிவரை இருட்டு, தோழிகள் இல்லாத வீடு எல்லாமும் சேர்ந்துதான். ஆனால் ஒன்பது வயதில் தனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று ஒரே நாளில் பொய்யாகிப் போனால், மற்ற எதை நம்பி வாயைத் திறப்பது?

4

குப்பத்துப் பள்ளியில் நான் முதன்முதலாகத் திசைப் பாடம் நடத்திய நாள் நினைவுக்கு வந்தது. நான் அச்சரப்பாக்கத்துக்காரன். கடல் எனக்குக் காணும் பொங்கலன்று லாரியில் போய்ப் பார்க்கிற விஷயம். "சூரியன் உதிக்கிற பக்கம் பார்த்து நில்லுங்க" என்றேன். மூன்றாம் வகுப்பு மொத்தமும் கொல்லென்று சிரித்தது. "கடல பாத்து நில்லுங்கன்னு சொல்லு சார், அதுக்கு இன்னாத்துக்கு சூரியன்?" என்றது ஒரு பெண். அதற்கப்புறம் அந்தப் பள்ளியில் இருந்தவரை நான் சூரியனைப் பாடத்துக்குக் கூப்பிடவே இல்லை. கிழக்கு என்றால் கடல், மேற்கு என்றால் ஈ.சி.ஆர். ரோடு. வடக்கே போனால் மெட்ராஸ். தெற்கே போனால் அணுமின் நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் போகிற பக்கம். பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. ரித்திகாவின் டீச்சரும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார். நானும் அதையேதான் செய்திருப்பேன்.

அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் ஐரிஷ் பாடம். எனக்குச் சொல்லிக்கொடுப்பது ஜோயல். அதே பள்ளியில் கடைசி வகுப்பில் படிக்கிறான். பள்ளிக்குள் என்னை மற்றவர்களைப்போல "மிஸ்டர் தாஸ்" என்றுதான் கூப்பிடுவான். நடைவழியில் எதிரே வந்தால் ஒரு சின்னத் தலையசைப்பு, அவ்வளவுதான். ஐந்து வயதில் தமிழில் கதை கேட்டவன் இப்போது வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். அவனிடம் மூன்று மொழி இருக்கிறது, அதில் தமிழ்தான் கடைசி. ஜெனிட்டா அதற்காக அவனிடம் கோபித்துக்கொள்வாள். எனக்குக் கோபம் வருவதில்லை. இராத்திரிச் சாப்பாட்டின்போது அவன் சொல்வது முழுதும் எனக்கு விளங்கவில்லையே என்றுதான் வருத்தம் வரும். ஆனால் ஐரிஷ் பாடத்தின்போது மட்டும் அவன் என் பக்கத்தில் தோளோடு தோள் உட்காருவான். என் உச்சரிப்பைத் திருத்துவதில் அவனுக்கு ஒரு தனி சந்தோஷம்.

அன்று திசைச் சொற்களை எடுத்துக்கொண்டோம். "வலது கைக்கும் தெற்குக்கும் ஒரே சொல்தான்ப்பா" என்றான், அதிசயமாகத் தமிழில். வேகத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது. "ஜாஸ் ரைட், ஜாஸ் சவுத்."

"அதெப்படி? இங்க கடலப் பாத்து நின்னா வலது கை வடக்குதானே?"

அவன் யோசித்தான். எழுந்து சமையலறை நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "கடலுக்கு முதுகைக் காட்டி நின்னாத்தான் சரியா வருது" என்றான்.

மறுநாள் ஓர்லாவிடம் கேட்டேன். அவருக்கு அது தெரிந்திருந்தது. பழைய காலத்தில் இங்கே திசையை உதயத்தைப் பார்த்து நின்றுதான் பெயரிட்டார்களாம். கிழக்குக்கு முன்பக்கம், மேற்குக்குப் பின்பக்கம், தெற்குக்கு வலக்கை. கடல் பக்கத்தில் இருந்தும் அதற்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறார்கள். "கல்லூரியில் படித்தேன், பிள்ளைகளுக்குச் சொல்ல ஒருநாளும் தோன்றவில்லை" என்றார். பிறகு, "விடுமுறை முடிந்ததும் முதல் வெள்ளிக்கிழமை புவியியல் வகுப்பை நீங்கள் நடத்துங்கள். நான் உங்கள் உதவியாளர்" என்றார்.

5

அந்த வெள்ளிக்கிழமை மழை மதியம்தான் விட்டது. தார்த் தரை ஈரமாக இருந்தது. சாக்பீஸ் பிடிக்காதோ என்று பயந்தேன். பிடித்தது. பள்ளி முற்றத்தின் மேற்கு ஓரத்தில் அயர்லாந்தை வரைந்தேன். அங்கிருந்து குனிந்தபடியே பின்னால் நடந்து ஐரோப்பா, பாலைவனங்கள், மலைகள் எல்லாம் கோட்டில் கடந்து கிழக்கு ஓரத்தில் இந்தியாவை முடித்தபோது இடுப்பு போய்விட்டது. படம் சுமாராகத்தான் வந்தது. ஆனால் எந்தப் பக்கம் எது என்பதில் தப்பில்லை.

ஃபின்னை அயர்லாந்தின் மேல் நிற்கவைத்தேன். "உன் கடலைப் பார்" என்றேன். மேற்கே பார்த்தான். ரித்திகாவை இந்தியாவின் கிழக்குக் கரையில் நிற்கவைத்தேன். தமிழில், "உன் கடலப் பாருடா" என்றேன். கிழக்கே பார்த்தாள். இரண்டு பேரும் முதுகு காட்டி நின்றார்கள். நடுவில் அத்தனை நிலம்.

"இப்போது வடக்கைக் காட்டுங்கள்" என்றார் ஓர்லா.

ஃபின் வலது கையை நீட்டினான். ரித்திகா கொஞ்சம் தயங்கினாள். என்னைப் பார்த்தாள். இடது கையை நீட்டினாள்.

இரண்டு கையும் ஒரே பக்கம் பார்த்தன. முற்றத்தின் சுவருக்கு அந்தப்பக்கம், தேவாலயக் கூரை இருக்கிற பக்கம்.

பிள்ளைகள் இரண்டு கையையும் மாறிமாறிப் பார்த்தார்கள். பிறகு ஒரு பெண், "அப்படியானால் ரெண்டு பேரும் சரியா?" என்று கேட்டாள். அதற்குள் இன்னொருத்தி, "ஆனால் அயர்லாந்து தீவு ஆயிற்றே, அந்தப் பக்கமும் கடல் இருக்கிறதே, நீங்கள் அதை விட்டுவிட்டீர்கள்" என்று என்னைப் பிடித்தாள். சரிதான். வாத்தியார் வேலையில் இந்த மாதிரி ஒருத்தி எல்லா வகுப்பிலும் இருப்பாள். நீலச் சாக்பீஸை அவள் கையில் கொடுத்து, விட்டுப்போன கடலை அவளையே வரையச் சொன்னேன்.

ஃபின் தன் இடத்திலிருந்து திரும்பினான். "உன் கடலுக்குப் பேர் என்ன?" என்று கத்தினான்.

"பே ஆஃப் பெங்கால்" என்றாள் ரித்திகா. இங்கிலீஷில் வகுப்புக்கு அவள் சொன்ன முதல் பதில்.

"அதில் சுறா இருக்கிறதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள், இங்கிலீஷில் சொல் தேடினாள். "இருக்கு. சின்னது. நாங்க சாப்பிடுவோம்."

முற்றம் முழுக்க ஒரே கூச்சல். சுறாவைச் சாப்பிடுவார்களா? எப்படி? யார் பிடிப்பார்கள்? பல்லோடா? மொத்த வகுப்பும் அயர்லாந்தையும் ஐரோப்பாவையும் மிதித்துக்கொண்டு ஓடி அவளைச் சூழ்ந்துகொண்டது. சுறாப்புட்டு எப்படிச் செய்வது என்பதைத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையிலும் தெரியாததற்குக் கையாலும் அவள் விளக்கினாள். வேகவைத்த சுறாவை உதிர்க்கிற இடத்தில் விரல்கள் அத்தனை வேகமாகப் போயின. நானும் ஓர்லாவும் ஒதுங்கி நின்றோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், காற்று என்றார்.

வீட்டுக்குப் போகும்போது ஜோயல் வழக்கம்போல முன்னால் நடக்கவில்லை. மாடி ஜன்னலிலிருந்து அவன் வகுப்பே பார்த்ததாம்.

"இந்தியா ரொம்பப் பெருசா இருந்துச்சுப்பா. ரஷ்யாவ விடப் பெருசு" என்றான்.

"தெரியும்டா."

"ஆனா நல்லா இருந்துச்சு" என்றான். சொல்லிவிட்டு என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். பள்ளி வாசலில், எல்லோரும் பார்க்க.

6

இரண்டாவது கூட்டத்தில் நான் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் மொழிபெயர்த்தேன். முருகன் கைகட்டி உட்கார்ந்திருந்தார், அமுதா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். நிபுணர் நவம்பரில் வந்து ரித்திகாவோடு ஒரு காலை முழுக்க இருந்தார். தனி வகுப்பு தேவையில்லை, இங்கிலீஷுக்கு மட்டும் கூடுதல் உதவி போதும் என்று எழுதிக்கொடுத்தார். முருகன் அதைக் கேட்டுவிட்டுத் தலைமையாசிரியைக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். அவரும் கை குவித்தார், கொஞ்சம் கோணலாக.

என் ஐரிஷ் தேர்வில் எழுத்துப் பகுதி தேறிவிட்டது, பேச்சுப் பகுதியில் போய்விட்டது. மறுபடி எழுத வேண்டும். ஜோயல் என்னைவிட வருத்தப்பட்டான். வெள்ளிக்கிழமைப் புவியியல் மட்டும் என்னிடமே இருக்கிறது. ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு ஜெனிட்டா இப்போதும் டீச்சர் வேலை என்றுதான் சொல்கிறாள். நான் இப்போது அவளைத் திருத்துவதில்லை.

போன வாரம் அமுதா போன் பண்ணினாள். குரலில் கவலை.

"சார், ஓர்லா டீச்சரு கம்ப்ளைண்ட் எழுதி அனுப்பிச்சிருக்காங்க. ரித்திகா கிளாஸ்ல ஓயாம பேசிகினே கீறாளாம். பக்கத்துல உக்காந்திருக்கிற பிள்ளைங்கள எழுதவுடறதில்லையாம். இன்னா சார் பண்றது? ரெண்டு போடு போடட்டுமா?"

பின்னாலிருந்து முருகனின் குரல் வந்தது. "பேசட்டும் வுடுடி!"

அதற்கும் பின்னால் இன்னொரு குரல் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், நடுவே ஒரு ஐரிஷ் சொல்லும் கேட்டது மாதிரி இருந்தது.

"யார்கிட்டம்மா பேசுறா?" என்றேன்.

"யாருகிட்டயும் இல்ல சார். சும்மா பேசிகினு கீறா."

போனை வைக்காமல் நானும் அமுதாவும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.